மாமாவின் இடுப்புக் குண்டு

மாமா மாடிப்படி ஏறும்போது அவருடைய இடுப்பில் ஒரு சத்தம் கேட்கும். கதவுத் தாழ்ப்பாளை மெதுவாகத் தள்ளினால் வருமே, அதுபோல ஒரு 'டொக்'. வலது காலைத் தூக்கி வைக்கும்போது மட்டும் வரும். வீட்டில் அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். மற்றவர்களுக்குக் காது மந்தம் என்று சொல்ல மாட்டேன். யாரும் அவருக்கு அத்தனை பக்கத்தில் போய் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

மாமா என்றால் அத்தையின் கணவர். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. நாங்கள் கரமனையில் ஒரே வீட்டில் இருந்தோம். கீழே அப்பா, அம்மா, நான். மாடியில் அத்தையும் மாமாவும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் என்னை வளர்ப்பதில் இரண்டு தளத்துக்கும் சம பங்கு. திட்டுவதில் மட்டும் மாடிக்குக் கொஞ்சம் கூடுதல். எல்லாருக்கும் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். வீட்டுக்குள் நாஞ்சில் தமிழ், கேட்டைத் தாண்டினால் மலையாளம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையான என் வாயில் இரண்டும் கலந்த ஏதோ ஒன்று.

மாமாவுக்குக் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பஸ் பஸ்ஸாகப் போய்க் குறித்துவிட்டு வந்து, கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் அறிவிப்பார். நேரில் பேசுவதைவிட மைக்கில் அவர் குரல் நன்றாக இருக்கும் என்பது அத்தையின் அபிப்பிராயம். அத்தை எதையும் முழுசாகப் பாராட்டிவிட மாட்டாள்.

எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அவருக்கு இடுப்பெலும்பில் ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு உளுத்துப்போகத் தொடங்கியதாம். நகரத்தில் பெயர்பெற்ற ஒரு தனியார் மருத்துவமனையில் வலது இடுப்பை மாற்றினார்கள். தொடை எலும்புக்குள் ஒரு கம்பி, கம்பியின் தலையில் ஒரு குண்டு, அந்தக் குண்டு உட்கார்ந்து உருள இடுப்பில் ஒரு கிண்ணம். எல்லாமே உலோகம். வெளிநாட்டுச் சரக்கு, புத்தம்புதிய மாடல், இருபத்தைந்து வருஷம் உழைக்கும், வேண்டுமென்றால் ஃபுட்பால்கூட விளையாடலாம் என்று டாக்டர் சொன்னாராம். மாமா ஜென்மத்தில் பந்தைத் தொட்டவர் இல்லை. ஆனாலும் அந்த வருஷம் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "இனி நான் ஃபுட்பால் களிக்கலாமாம், கேட்டேளா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்று அம்மா சொல்வாள்.

ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு அடிவயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில் வலி தொடங்கியது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, வெளிச்சப் பெட்டியில் மாட்டி, கல்யாண ஃபோட்டோவைக் காட்டுவதுபோலப் பெருமையாகக் காட்டினார். கிண்ணத்தில் குண்டு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இதில் வலிக்க ஒன்றுமே இல்லையே என்றார். அடுத்த முறையும் அதையே சொன்னார். அதற்கடுத்த முறை, வலி மனதில் இருக்கலாம் என்று மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். அந்த மனிதர் மாமாவின் சிறுவயதைப் பற்றி முக்கால் மணி நேரம் விசாரித்தாராம். மாமா வீட்டுக்கு வந்து, "எனக்கு சின்ன வயசுல இடுப்பு நல்லாத்தான் இருந்துன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார்.

பஸ்களுக்கு நடுவில் ஓடியாட முடியவில்லை, கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கும் வேலையாகக் கொடுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதினார். அதற்கு மெடிக்கல் போர்டு முன்னால் போய் நிற்க வேண்டும். ஒரு நீள மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருப்பார்களாம். நட என்பார்கள், திரும்பு என்பார்கள், காலை மடக்கு, நீட்டு என்பார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்கள். பிறகு 'வேலைக்குத் தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். ஆறு வருஷத்தில் மாமா நான்கு முறை அந்த மேசைக்கு முன்னால் நடந்து காட்டினார். ஒவ்வொரு முறையும் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டுதான் போவார். திரும்பி வந்ததும் சட்டையைக் கழற்றி ஹேங்கரில் மாட்டிவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பஸ் நிலையத்தில் அவருக்கு 'நடன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மலையாளத்தில் நடிகர் என்று அர்த்தம். நான் ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டு போனபோது, எனக்கு முன்னாலேயே ஒரு கண்டக்டர், "நடனே, ஊணு வந்நு" என்று கூப்பிட்டார். மாமா சிரித்துக்கொண்டே பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். நான் நிஜமாகவே மாமா ஏதோ சினிமாவில் நடித்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, பள்ளிக்கூடத்தில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

வலி ஒரு பக்கம். அதோடு அவருக்கு வாயில் எந்நேரமும் ஒரு ருசி இருந்தது. "இரும்பை நக்குன மாதிரி இருக்கு" என்பார். எதைச் சாப்பிட்டாலும் அந்த ருசிதான். இதை அவர் முதன்முதலில் சொன்னது, துரதிர்ஷ்டவசமாக, அத்தை வைத்த தீயல் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாக ருசித்த தீயல் இப்போது இரும்பாகிவிட்டதா என்று கேட்டாள். ஆனாலும் மறுநாளே அலுமினியப் பாத்திரங்களை ஒழித்தாள். எவர்சில்வர் வந்தது. இரும்பு ருசி போகவில்லை. எவர்சில்வர் போய் மண்சட்டி வந்தது. பிறகு தண்ணீர்க் குழாயில் குற்றம் கண்டுபிடித்து பிளம்பரைக் கூப்பிட்டாள். மாடி அடுக்களையில் மாற்றப்படாத பொருள் என்று கடைசியில் அத்தை மட்டும்தான் மிஞ்சினாள். "என்னையும் மாத்திப் பாருங்க, ஒருவேளை சரியாகும்" என்று சொல்லிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

சத்தத்தைப் பற்றி நான்தான் அத்தையிடம் சொன்னேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்து காலை மெல்லத் தூக்க, நான் வேட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டிருந்தேன். "கேக்குதா மக்ளே?" என்று மாமா கேட்டார். கேட்குது என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அத்தைகிட்ட போய்ச் சொல்லு" என்றார். போய்ச் சொன்னேன். அத்தை சற்று யோசித்துவிட்டு, அது படிக்கட்டின் சத்தம் என்று தீர்ப்பு சொன்னாள். எங்கள் வீட்டில் மரப்படி. ஏழாவது பலகை கொஞ்சம் ஆடும். ஆசாரி வரவழைக்கப்பட்டு ஏழாவது படிக்கு ஆறு ஆணிகள் அடிக்கப்பட்டன. அன்று சாயங்காலம் மாமா அந்தப் படியில் ஏறியபோது படி சும்மா இருந்தது. மாமாதான் 'டொக்' என்றார்.

அத்தை கெட்டவள் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் தப்பாக நினைத்துவிடுவீர்கள். படித்த டாக்டர்கள் ஒன்றுமில்லை என்கிறார்கள், படம் எடுத்தும் காட்டுகிறார்கள். அந்த வீட்டில் எக்ஸ்ரேயை எதிர்த்துப் பேசும் தைரியம் ஒன்பது வயதுப் பெண் ஒருத்திக்குத்தான் இருந்தது. வடசேரியில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் தரையில் உட்கார முடியாமல் மாமா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, பரிமாறுகிறவர்கள் காத்து நிற்கிறார்களே என்ற வெட்கத்தில் அத்தை, "நாலு பேரு முன்னால நடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். ஒரே ஒரு தடவைதான். மாமா அதற்கும் சிரித்தார். வெளியே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலையில், கூண்டுக்குள் ஒரு பஸ்ஸை அறிவித்து முடித்து, அடுத்த பஸ்ஸை அறிவிக்கும் முன்னால் மாமா இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஐம்பத்துமூன்று வயது. மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் பஸ் நிலையம் முழுவதும் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல் கேட்டதாம்.

மயானத்துக்குப் பெண்கள் போவதில்லை. மறுநாள் எலும்பு பொறுக்கப் போன அப்பா, ஒரு மண்கலயத்தோடு திரும்பி வந்து வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். தகனக் கூடத்தில் வேலை செய்பவர் சாம்பலிலிருந்து மூன்று சாமான்களைத் தனியாக எடுத்து வைத்திருந்தாராம். கம்பி, கிண்ணம், குண்டு. "இது கத்தில்ல சாரே, கொண்டுபொய்க்கோ" என்று கொடுத்தாராம். உடம்பெல்லாம் எரிந்தும் அது எரியவில்லை. இதை என்ன செய்வது என்று வாசலில் ஒரு சின்ன மாநாடு நடந்தது. ஏழு வருஷம் அவர் உடம்போடு இருந்தது, அப்படியானால் அதுவும் அவருடைய எலும்புதான் என்று அத்தை சொன்னாள். அதுவும் கலயத்துக்குள் போனது.

அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. கலயத்தின் வாயைச் சிவப்புத் துணியால் கட்டி, பின்புறத்து மாமரத்தில் தாழ்ந்த கிளையில் தொங்கவிட்டார்கள். மறுநாள் காலையில் திருவல்லத்துக்குக் கொண்டுபோய் ஆற்றில் கரைப்பதாக ஏற்பாடு.

அன்று மதியம் எல்லாரும் அழுது அசந்து படுத்திருந்தார்கள். நான் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறினேன். முடிச்சு எட்டியது.

ஏன் எடுத்தேன் என்று இப்போது யோசித்தால் பெரிய பெரிய காரணங்களெல்லாம் தோன்றுகின்றன. அன்று ஒரே காரணம்தான். அந்தச் சத்தம் அந்தக் குண்டுக்குள் இருக்கிறது என்று நினைத்தேன். அதை ஆற்றில் போட்டுவிட்டால் அப்புறம் யார் கேட்பது? கையை விட்டுத் துழாவி குண்டை எடுத்துக்கொண்டு, கனம் குறைந்தால் அப்பா கண்டுபிடித்துவிடுவாரே என்று, அடுக்களைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அம்மா முட்டுக் கொடுத்து வைத்திருந்த உருண்டைக் கல்லை அதற்குப் பதிலாக உள்ளே வைத்துக் கட்டினேன். மறுநாள் என் அப்பா, இடுப்பளவு தண்ணீரில் ஈர வேட்டியோடு நின்று, மந்திரம் சொல்லி, எங்கள் அடுக்களைக் கதவின் முட்டுக்கல்லை, அவிழ்க்காத கலயத்தோடு பக்தியாக ஆற்றில் விட்டார். அம்மா ஒரு மாதம் வரை அந்தக் கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

குண்டு ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. ஒரு பக்கம் வெட்டியதுபோலத் தட்டை, நடுவில் குழி. கறுத்துப் போயிருந்தது. குத்துவிளக்கு தேய்ப்பதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். அங்கங்கே வெள்ளையாகப் பளபளத்தது. தட்டைப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ ஆங்கில எழுத்துகளும் எண்களும் பொறித்திருந்தன. காதில் வைத்துக் கேட்டேன். உருட்டிக் கேட்டேன். குண்டுக்குத் தனியாகச் சத்தம் போடத் தெரியவில்லை. ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, யூனிஃபார்ம் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து, மாமாவை 'நடனே' என்று கூப்பிட்ட அதே கண்டக்டர் ஒரு மலையாளப் பேப்பரை மடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நின்றுகொண்டே வாசித்தார். உலோகத்தோடு உலோகம் உரசும் ஒரு வகை இடுப்புக் குண்டை வெளிநாடுகளில் எப்போதோ விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். உரசி உரசி அதன் பொடி ரத்தத்தில் கலக்குமாம். எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாகத் தெரியும்போதே வலி வருமாம். நடக்கையில் சத்தம் வரலாமாம். வாயில் உலோக ருசி வரும், இதயத்தையும் பாதிக்கலாம் என்று போட்டிருந்தது. உலோக ருசி என்ற இடம் வந்ததும் அத்தை மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சேச்சி, ஞங்ஙளெல்லாம் விசாரிச்சது..." என்று, நாங்களெல்லாம் நினைத்தது என்னவென்றால் என்று சொல்லத் தொடங்கிய கண்டக்டர் பாதியில் நிறுத்தினார். பேப்பரை இன்னும் சின்னதாக மடித்தார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் அத்தை.

அடுத்த தெருவில் ஒரு வக்கீல் சேச்சி இருந்தார். அப்பா அவரை அழைத்து வந்தார். அவர் பேப்பரைப் படித்துவிட்டு, இடுப்புக் குண்டில் பல கம்பெனிகள் உண்டு, மாமாவுக்கு வைத்தது இந்தக் குண்டுதான் என்று காட்டினால் மட்டுமே மேலே எதுவும் செய்ய முடியும் என்றார். காட்டிவிட்டால் மருத்துவமனை அந்த மனிதரின் வலி பொய்யில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அத்தை நிமிர்ந்து பார்த்தாள். பத்து நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வடசேரிக் கல்யாணத்தைப் பற்றி அம்மாவிடம் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். "அவிய பொய் சொல்லல்லேன்னு ஒருத்தராவது எழுதித் தரணும்" என்றாள்.

ஆபரேஷன் செய்யும்போது குண்டின் அட்டைப் பெட்டியிலிருந்து எண் போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரை உரித்து நோயாளியின் ஃபைலில் ஒட்டுவது வழக்கமாம். அப்பா மருத்துவமனைக்குப் போய்க் கேட்டார். பழைய ஃபைல் வைத்திருந்த அறையில் மழைத்தண்ணீர் புகுந்து எல்லாம் போய்விட்டது என்று சொன்னார்கள். வீட்டிலிருந்த டிஸ்சார்ஜ் காகிதத்தில் 'வலது இடுப்பு மாற்றப்பட்டது' என்பதைத் தவிர ஒரு எழுத்து இல்லை. சில சமயம் ஸ்டிக்கரின் ஒரு நகலை நோயாளியிடமும் கொடுப்பது உண்டு என்றார் வக்கீல் சேச்சி. அவ்வளவுதான், வீடே தலைகீழானது.

அலமாரி, மெத்தைக்கு அடி, பழைய காலண்டர்களின் பின்பக்கம், மாமாவின் சட்டைப் பைகள். எல்லாரையும்விட மும்முரமாகத் தேடியது நான். தேடலின் நடுவில் என் கண்ணாடி அலமாரிக் கதவில் ஆப்பிள் ஸ்டிக்கர், நோட்டுப்புத்தகப் பெயர் ஸ்டிக்கர், பபிள்கம் ஸ்டிக்கர் என்று நூறு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருப்பதை அப்பா பார்த்துவிட்டார். சந்தேகம் என் மேல் திரும்பியது. ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்தார்கள். "நெசத்தச் சொல்லு பிள்ளே, நீ எடுத்தியா?" என்று அம்மா கேட்டாள். நான் எடுக்கவில்லை என்று சாமி படத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். ஸ்டிக்கரைப் பொறுத்தவரை அது உண்மைதான். பிஸ்கட் டப்பா அரை முழம் தள்ளி யூனிஃபார்முக்கு அடியில் இருந்தது.

பிறகு ஒருநாள் வக்கீல் சேச்சி தனியாக வந்து மாடியில் அத்தையோடு வெகுநேரம் பேசினார். என்னைப் பால் வாங்க அனுப்பிவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். அத்தை ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். ஸ்டிக்கர் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்களா என்று கேட்டேன். "கிடைக்காது மக்ளே" என்றாள். பாலை வாங்கி வைத்துவிட்டு, "போட்டு, விடு. அவியளோடது எல்லாம் அவியளோட முழுசாப் போயிட்டு. அது ஒண்ணுதான் ஆறுதல்" என்றாள்.

முழுசாகப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று ராத்திரி முழுக்க என் மனசில் ஓடியது இதுதான்: மாமா மேலே போயும் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார், இடுப்பில் குண்டுக்குப் பதிலாக எங்கள் வீட்டு முட்டுக்கல் இருக்கிறது, இதற்குக் காரணம் நான். மறுநாள் சனிக்கிழமை. அப்பா அலுவலகத்துக்கும் அம்மா சாலைக் கடைத்தெருவுக்கும் போயிருந்தார்கள். நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், அத்தையின் முன்னால் வைத்துத் திறந்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது குண்டு அத்தையின் இரண்டு கைக்குள்ளும் இருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன் என்று சொன்னதும் அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. குண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தட்டைப் பக்கத்து ஓரத்தில் விரலை வைத்து, "இதுல என்ன எழுதியிருக்கு, வாசி" என்றாள். ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் வாசித்தேன். "இன்னொருக்க வாசி." வாசித்தேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வாசிப்புப் பரீட்சை நினைவு வந்து, கணீரென்று வாசித்தேன். கீழே கேட் அருகில் யாரோ மீன் கூவிக்கொண்டு போனார்கள்.

"குளிச்சிட்டு வா" என்றாள் கடைசியில். "நாம போய் விட்டுட்டு வருவோம்."

அவளும் தலைக்குக் குளித்து, குண்டை மாமாவின் கைக்குட்டையில் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். கிழக்கேகோட்டைக்குப் போய் விழிஞ்ஞம் பஸ்ஸில் ஏறினோம். மைக்கில் வேறு யாரோ அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அந்தக் கூண்டுப் பக்கம் திரும்பவில்லை. திருவல்லத்தில் இறங்கி, பித்ருக்களுக்குப் பலி போடுகிறவர்களின் கூட்டத்தைத் தாண்டி, ஆள் இல்லாத ஒரு படித்துறைக்குப் போனோம். அங்கே புரோகிதர் இல்லை, எள் இல்லை, தர்ப்பை இல்லை. அத்தை முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, என்னையும் கையைப் பிடித்து இறக்கினாள். கைக்குட்டையை அவிழ்த்தாள்.

"நீயும் பிடிச்சுக்க" என்றாள். பிடித்துக்கொண்டேன். "நடிக்காதீங்கன்னு சொன்னதுக்கு மன்னிச்சிருங்க" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. பிறகு, "இனி ஒருத்தரும் உங்களப் பரிசோதிச்சுப் பாக்க வேண்டாம்" என்றாள். கையை விட்டோம். கலங்கல் தண்ணீரில் அது உடனே மறைந்துவிட்டது.

வீட்டில் சொல்ல வேண்டாம் என்றாள். நான் ஏன் சொல்லப்போகிறேன், எனக்குத்தானே அடி விழும்.

அடுத்த வாரம் வக்கீல் சேச்சி காகிதங்களோடு வந்தார். கடைசியாகக் கேட்கிறேன், காட்டுவதற்கு எதுவுமே இல்லையா என்று கேட்டார். "ஒண்ணும் இல்ல" என்றாள் அத்தை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். ஸ்டிக்கரைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, நானும் பலமாகத் தலையை ஆட்டினேன். ஆதாரம் போதவில்லை என்று, மருத்துவமனை மேல் வக்கீல் சேச்சி போட்ட எங்கள் விண்ணப்பம் திரும்பி வந்தது. அப்பா அந்த மருத்துவமனை இருக்கும் தெருவழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் வக்கீல் சேச்சியைப் பார்த்தேன். தலை முழுவதும் நரைத்திருந்தது. பேச்சுவாக்கில் மாமாவின் விஷயம் வந்தது. ஸ்டிக்கர் போனால்கூடப் பரவாயில்லை, அந்தக் குண்டு இருந்திருந்தால் போதும், அதிலேயே எண் இருக்கும், நீங்கள் அதைக் கரைத்துவிட்டதுதான் கஷ்டமாகப் போய்விட்டது என்றார். இதை அப்போதே அத்தையிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னாராம். மாடியில் தனியாகப் பேசிய அன்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாராம். குண்டு இருந்தால் அதை ஒப்படைக்க வேண்டும், நிபுணர்கள் கூடி அதை அறுத்துப் பரிசோதிப்பார்கள், இந்தத் தேய்மானத்துக்கு அத்தனை வலி வருமா வராதா என்று அவர்கள்தான் தீர்மானிப்பார்கள், வருஷக்கணக்காகும். அத்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம். "அதுவும் ஒரு மெடிக்கல் போர்டாக்கும், இல்லியா?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்று முறை வாசிக்கச் சொல்லி, என்ன எண் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, கையில் இருந்த ஒரே சாட்சியை ஆற்றில் போட்டிருக்கிறாள். இதே குண்டோடு இந்த ஊரில் இன்னும் எத்தனை பேர் படியேறிக்கொண்டிருந்தார்களோ, அவர்களுக்காவது உதவியிருக்கும். நானாவது அந்த எண்ணை நினைவில் வைத்திருக்கலாம். மாமா அறிவித்த பஸ்களின் நேரம் பாதிக்கு மேல் இன்றைக்கும் சொல்வேன். இது ஒரு எழுத்துகூட நினைவில் இல்லை. அத்தையிடம் கேட்டுவிட வேண்டும் என்று அன்று சாயங்காலமே மாடிக்குப் போனேன். எழுபது வயதில் அவள் காலை நீட்டிப் போட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன மக்ளே என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எழுதித் தரச் சொல்லி மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தவள் குண்டைக் கையில் வாங்கியதும் தானே அவரை நம்பிவிட்டாள். ஐந்தாவது முறையாக அவரை ஒரு மேசைக்கு முன்னால் நடந்து காட்டச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. சரியா தப்பா என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

அன்று திருவல்லத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. பாவமெல்லாம் தீர்ந்துவிட்டதா என்று அத்தையிடம் கேட்டேன். தீர்ந்துவிட்டது என்று என் ஈரத் தலையைத் துவட்டிவிட்டாள். பயமில்லாமல் உண்மையைச் சொல்லி, மாமாவை நேராக நிற்க வைத்து, அத்தையின் கவலையையும் போக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அந்த பஸ்ஸில் அன்று பெரிய காரியம் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டு, அவள் மடியில் தலை வைத்துக் கிழக்கேகோட்டை வரை நன்றாகத் தூங்கினேன்.